ஏரியைக் காப்பவர் யார்?

சென்னைக் கோயம்பேட்டில் குடிநீர் வாரியம் 2019ஆம் வருஷம் ஒரு நிலையத்தை நிறுவியது. நகரத்துச் சாக்கடை நீரை நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வரையில் சுத்தம் செய்ய வல்லது அது. அவ்விதம் தெளிந்த நீர் குழாய் வழியாக இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குச் செல்கிறது. ஆலைகள் நன்னீருக்குப் போட்டியிடாமலிருக்கச் செய்த இந்த ஏற்பாட்டை மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். நகரத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்து அத்தனை தூரம் கொண்டுவரும் சர்க்கார், அதே ஆலையின் மதிலுக்கு அப்பாலுள்ள கிராமத்தின் கழிவுநீரை ஏன் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை?

ஆலைகள் வந்தன, தொழிலாளரும் வந்தனர். ஒரு குடும்பம் வாழ்ந்த மனைகளில் வரிசை வரிசையாக வாடகை அறைகள் எழுந்தன. குளித்த நீரும் துவைத்த நீரும் தெருக் கால்வாயில் இறங்குகின்றன. கால்வாய்க்கு முடிவு ஏரி. மலத்தொட்டி நிரம்பினால் லாரி வருகிறது. அது எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறதென்று கேட்பாரில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் உபரி நீர் செம்பரம்பாக்கத்தை அடைகிறது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் அந்த ஏரி சென்னை ஜனங்களின் குடிநீர். கிராமவாசியிடம் இரக்கமில்லாத நகரவாசிகள், தங்கள் வீட்டுக் கூஜாவை நினைத்தாவது இவ்விஷயத்தில் கவலைகொள்ள வேண்டாமா?

சட்டம் இல்லையென்று சொல்வதற்கில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974லேயே பிறந்துவிட்டது. சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக இயங்காத ஆலை நடக்கலாகாது என்று 2017 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆகவே மதிலுக்கு உள்ளே ஒரு தொழிலாளி கை கழுவும் நீருக்குப் பொறுப்பாளி உண்டு. வேலை முடிந்து அவர் அறைக்குத் திரும்பிய பின், அதே கை கழுவும் நீர் அநாதை!

பஞ்சாயத்து பார்த்துக்கொள்ளட்டும் என்பார்கள். எதைக் கொண்டு? கிராமத் தூய்மை இயக்கத்தின் இரண்டாம் கட்டம் 2020ல் தொடங்கியபோது, ஐயாயிரம் பேருக்கு மேற்படாத ஊர்களில் கழிவுநீருக்காகத் தலைக்கு 280 ரூபாய் வரை என்று விதித்தார்கள். இரண்டாயிரம் பேர் உள்ள ஊருக்கு 5,60,000 ரூபாய். தலைக்கு 55 லிட்டர் குடிநீர் என்ற அரசாங்கக் கணக்கை வைத்து, அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகிறதென்று கொண்டால், அவ்வூர் தினம் 88,000 லிட்டருக்கு வழி தேட வேண்டும். ஊர்க் கணக்கில் ஏறாத வாடகைக் குடிகளின் நீரும் இதோடு சேரும். அவர்களுடைய வாக்கு சொந்த ஊரில் இருக்கிறது. கழிவு மட்டும் இந்த ஊரில் இருக்கிறது.

இந்த அலட்சியம் உயிரையும் வாங்குகிறது. 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த தனியார் விடுதியொன்றின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய மூன்று தொழிலாளர் விஷவாயுவால் மாண்டனர். மனிதரை இவ்விதம் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013லேயே வந்தது என்பதை வெட்கத்துடன் நினைவூட்டுகிறோம்.

பரிகாரம் எட்டாத பொருளல்ல. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்க 2024 ஆகஸ்டில் விடுதி திறந்தார்கள். தொழிலாளியின் படுக்கை தொழிற்பேட்டையின் கவலை என்று ஒப்புக்கொண்ட பின், அவருடைய கழிவுநீரும் அதன் கவலையேயாகும். சுற்றுக் கிராமங்களின் கழிவுநீரை வாடகைக் குடிகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, அதற்கான செலவைச் சிப்காட்டும் ஆலைகளும் ஏற்க வேண்டும். ஊருக்கு ஊர் ஒரு வண்டல் தொட்டி, கல்வாழையும் கோரையும் நட்ட ஜல்லிப் படுகை இருந்தால், மின்சாரச் செலவு அதிகமின்றி வீட்டுக் கழிவுநீர் தெளியும். தொட்டிக் கழிவைச் சுமக்கும் லாரிக்குக் கொட்டுமிடம் வகுக்க வேண்டும்.

ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன், இதே காஞ்சீபுரம் ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில், ஏரியைப் பரிபாலிக்க ஊரார் குடவோலையிட்டு ஏரி வாரியம் அமைத்ததைப் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. அந்தப் பெருமையை மேடையில் பேசினால் போதாது. ஒவ்வொரு ஊரிலும் அடுத்த கிராம சபையில் தேசத் தொண்டர்கள் எழுந்து, "நம் ஏரியில் விழும் கால்வாய் எங்கிருந்து வருகிறது, அதற்குப் பொறுப்பாளி யார்?" என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்ய வேண்டும். கேளாத ஊரின் ஏரிக்குக் காவல் இல்லை.