வரைகோல் யார் கையில்?

நாட்டைக் கூறு போடுவது வேறு; நாட்டின் கூறுகளை அறிந்து ஆள்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டு, பொருளியல் வட்டாரம் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே "பிரிவினை" என அலறுவோர் ஒருபுறம். நிலப்படத்தில் வண்ணந் தீட்டிய அளவிலேயே வட்டாரம் வளர்ந்துவிட்டதென மகிழ்வோர் மறுபுறம். இருவருமே அடிப்படை வினாவைத் தொடுவதில்லை. கோட்டை வரைவது யார்? யாருக்காக வரைவது? வரைந்தபின் அவ்வட்டாரத்தார் கையில் என்ன உரிமை இருக்கும்?

நிலத்தை அதன் இயல்பறிந்து பகுத்தவன் தமிழன். ஐந்திணைப் பகுப்பைக் காதற்பாட்டின் பின்புலமென்று மட்டும் பள்ளிகளில் கற்பிப்பது குறைக்கல்வியாகும். தொல்காப்பியம் கருப்பொருள்களைத் தொகுக்குங்கால் உணவையும் தொழிலையும் ஒருங்கே சேர்த்தன்றோ எண்ணுகின்றது! சிறுபாணாற்றுப்படையில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணன், எயிற்பட்டினத்து நெய்தலையும் வேலூரின் முல்லையையும் ஆமூரின் மருதத்தையும் கடந்து செல்கின்றான். கடற்கரையில் மீன், முல்லையில் ஆமான் இறைச்சி, மருதத்தில் நண்டுக் கலவையோடு வெண்சோறு என இடந்தோறும் விருந்து மாறுகின்றது. அம்மன்னனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை அடுத்தது. செஞ்சிக்கும் வல்லத்திற்கும் அது அண்டை மண். ஒரு சிறு நாட்டுக்குள்ளேயே மூன்று வகை வாழ்வைக் கண்டுணர்ந்த இனத்திற்கு வட்டாரப் பகுப்பு புதிய கல்வியன்று.

இனி, இற்றை நிலையைக் காண்போம். 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புச் சட்டம் இந்தியாவை ஐந்து மண்டலங்களாக்கி, மண்டலத்திற்கொரு மன்றமும் அமைத்தது. தமிழ்நாடு தென்மண்டலத்தில் அடங்கியது. ஆயின், அம்மன்றங்கள் அனைத்திற்கும் தலைவர் நடுவணரசின் உள்துறை அமைச்சரே. அவை அறிவுரை கூறலாம், ஆணையிட இயலா. 1988ஆம் ஆண்டளவில் திட்டக்குழு, மண்ணும் மழையும் நோக்கி நாட்டைப் பதினைந்து வேளாண் தட்பவெப்ப மண்டலங்களாகப் பகுத்தது. தமிழ்நாட்டளவிலும் ஏழு மண்டலங்கள் வகுக்கப்பட்டன; வல்லமும் செஞ்சியும் வடகிழக்கு மண்டலத்தில் அமைந்தன. இப்பகுப்பு அறிவுக்கு ஒத்தது. அதனைக் குறைகூறுவதற்கில்லை.

குறை எங்கேயெனின், பகுப்பை ஒட்டி உரிமை வரவில்லை என்பதே. வல்லத்து வானவாரி நிலத்தில் விளைவது உழவர் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலை. அம்மண்ணுக்கேற்ற விதையைத் தேரும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அண்மையில் திண்டிவனத்திலேயே உள்ளது. விளைந்ததை விற்கச் செஞ்சியில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் உள்ளது. மண் இங்கே, அறிவு இங்கே, உழைப்பும் இங்கே. ஆனால் கடலைக்குப் போட்டியாக வரும் அயல்நாட்டுப் பனையெண்ணெய்க்கு எவ்வளவு தீர்வை என்பதைத் தில்லி முடிவு செய்கின்றது. 1994இல் அவ்வெண்ணெய் இறக்குமதியின் கட்டுகள் தளர்த்தப்பட்டபோது வடகிழக்கு மண்டலத்து உழவனை எவரும் ஒரு சொல் கேட்டாரல்லர். விலையை உறுதிசெய்யும் உரிமை வேறெங்கோ இருக்க, மண்டலம் என்பது வெறும் பெயர்ப்பலகையன்றோ?

பின்தங்கிய பகுதிகளுக்கென வகுத்த பட்டியல்களின் கதையும் இதுவே. 2006ஆம் ஆண்டு நடுவணரசு 250 மாவட்டங்களைப் பின்தங்கியவை எனத் தேர்ந்து தனிநிதி அளிக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் தேர்ந்த ஆறனுள் விழுப்புரம் ஒன்று. 2015இல் நடுவணரசு அந்நிதிக்குத் தன் துணையை நிறுத்திக்கொண்டது. 2018இல் வேறொரு பட்டியல் வந்தது. அதில் தமிழ்நாட்டினின்று இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகருமே. அவ்விரு மாவட்டங்களுக்கும் உதவி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒரு பட்டியலில் ஏறியதற்கும் மறு பட்டியலில் விடுபட்டதற்கும் செஞ்சிப் பக்கத்து மக்களிடம் விடை சொன்னவர் யார்?

இஃது ஓரினத்தின் முறையீடு மட்டுமன்று. 1956 முதல் எஃகுக்கு நாடெங்கும் ஏற்றுகூலியை ஒப்பாக்கிய கொள்கையால், தாதும் கரியும் தம் மடியிலேயே கொண்ட பீகாரும் மேற்கு வங்கமும் ஒடிசாவும் அவ்வியற்கை வாய்ப்பை இழந்தன. தெற்கிலும் மேற்கிலும் உள்ள மாநிலங்கள் நலம் பெற்றன. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. அதனை மறைப்பது நேர்மையன்று. 1990களின் தொடக்கத்திலேயே அக்கொள்கை கைவிடப்பட்டது. தொலைவிலிருந்து இழுக்கப்படும் ஒரு கோடு எம்மக்களைத் தாழ்த்தினாலும் தவறு தவறே என்பதுதான் தமிழர் கொள்ளத்தக்க நயன்மை.

சோவியத்து ஒன்றியத்தின் வரலாறும் ஒரு பாடம் புகட்டும். 1957இல் குருச்சேவ் அந்நாட்டைப் பொருளியல் ஆட்சி வட்டாரங்கள் நூற்றைந்தாகப் பகுத்து, தொழில்களின் மேலாண்மையை அவற்றிடம் ஒப்படைத்தார். 1965இல் அவ்வமைப்பு கலைக்கப்பட்டு, தலைநகரத்து அமைச்சகங்களே மீண்டும் ஆட்சி கொண்டன. மேலிருந்து கொடையாக வந்த உரிமை, மேலிருந்தே பறிக்கப்பட்டது.

அங்ஙனமாயின் வேண்டுவது யாது? முதலாவது, மண்ணும் நீரும் மொழியும் ஒன்றிய மக்கள் தம் வட்டாரத்தைத் தாமே வரையறுத்தல். செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் செஞ்சியாறு வீடூர் அணையைக் கண்டு புதுவை நிலத்தினூடே கடல் சேர்கின்றது. அவ்வணைநீர் தமிழ்நாட்டில் 2,200 ஏக்கருக்கும் புதுவையில் 1,000 ஏக்கருக்கும் பாய்கின்றது. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற எல்லைக்கோட்டை ஆறு அறியாது. இருகரை உழவரும் பேசுவது தமிழே. இரண்டாவது, தீர்வை, விலை, தொழில் இசைவு ஆகியவற்றில் மாநிலத்திற்கு உறுதியான பங்கு. மூன்றாவது, தில்லியிடம் கேட்கும் உரிமையைச் சென்னையும் தன் மாவட்டங்களுக்கு வழங்குதல். 1992ஆம் ஆண்டின் 74ஆம் அரசமைப்புத் திருத்தம் மாவட்டத் திட்டக்குழுக்களுக்கு வழிசெய்தது. அவற்றுக்குப் பணமும் முடிவெடுக்கும் ஆற்றலும் தரப்பெறவேண்டும். தஞ்சையின் ஆற்றுப்பாய்ச்சலையும் வல்லத்தின் வானவாரியையும் ஒரே முழக்கோலால் அளப்பது தலைநகரம் எதுவாயினும் தவறே.

செஞ்சிக்கோட்டையினுள் இன்றும் பெரிய களஞ்சியமொன்று நிற்கின்றது. 2025இல் அக்கோட்டை உலக மரபுச் சின்னமாயிற்று. காண வருவோர் அதன் சுவர்த் திண்மையை வியப்பர். அக்களஞ்சியத்தை நிரப்பிய கூலம் சுற்றுப்புறத்து உழவனுடையது. திறவுகோல் மட்டும் கோட்டையாளன் கையில் இருந்தது. கோட்டையாண்டோர் மாறினர், திறவுகோல் உழவன் கைக்கு இன்னும் வந்திலது. அதனை வரச்செய்வதே உண்மையான வட்டாரப் பகுப்பு. தமிழ்மக்கள் எண்ணுக, எண்ணித் துணிக!