செல்போனுக்கு உறை உண்டு, உயிருக்கு?

குறைந்த செலவில் ஆசியாவைச் சுற்றுவது எப்படி என்று சொல்லித் தருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே பட்டியல்தான். உள்ளூர் சிம் கார்டு, பவர் பேங்க், முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடம், தண்ணீர் படாமல் செல்போனைப் போட்டு வைக்க ஒரு பிளாஸ்டிக் உறை. பாங்காக் போனாலும் சரி, பாலி போனாலும் சரி. எப்போதும் தொடர்பில் இருந்தால் பயமில்லை என்று முடித்து விடுவார்கள். அந்தப் பட்டியலில் லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்தவர் எத்தனை பேர்?

இந்தக் கேள்விக்குப் பாங்காக் வரை போக வேண்டாம். பழவேற்காடு போதும். கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பஸ். சென்னை மாணவன் பாக்கெட்டுக்கு இதைவிட மலிவான பயணம் கிடையாது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக்காரர்கள் விட்டுப்போன கல்லறைகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். இவை எல்லாவற்றையும் கரையில் நின்றே பார்க்கலாம். ஆனால் வருகிறவர்களுக்கு அது போதவில்லை, படகில் போக வேண்டும், நடு ஏரியில் செல்போனை நீட்டிப் படம் எடுக்க வேண்டும்.

அந்த ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்துக்காரர்களுக்குப் படகு என்பது உல்லாசம் அல்ல. செல்போன் வந்த பிறகும் பல ஆண்டுகள் அந்த ஊர் படகைத்தான் நம்பியிருந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாவற்றுக்கும் தண்ணீரைத் தாண்ட வேண்டியிருந்தது. பாலம் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008ல் வந்தது. பிரசவ வலி எடுத்தவளின் வீட்டிலிருந்து அந்த எண்ணை அழுத்த முடிந்தது, மறுமுனையில் பேசவும் பேசினார்கள். வண்டி என்னவோ அக்கரையில்தான் நின்றது. சிக்னல் வேறு, தொடர்பு வேறு என்பதை அந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பாடம் தேவைப்படுவது வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. பழவேற்காடு ஏரியில் சுற்றிப் பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். செல்போன் பரவலாகிவிட்ட காலம் அது. தண்ணீர் கழுத்துக்கு வந்தபின் அந்தக் கருவியால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

பதினோரு வருடம் கழித்து, 2023 மே 7. கேரளத்தில் மலப்புரம் மாவட்டத் தானூரில், மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். அது கவிழ்ந்தது. அங்கும் 22 பேர். இந்தோனேசியாவின் தோபா ஏரியில் 2018 ஜூன் 18 அன்று மூழ்கிய படகின் கதை இன்னும் கொடுமை. படகில் எத்தனை பேர் ஏறினார்கள் என்ற பட்டியலே கிடையாது. காணாமல் போனவர்களைக் கணக்கெடுக்கவே நாட்கள் பிடித்தன. கணக்கு 160ஐத் தாண்டியது. செல்போனில் ஒவ்வொரு அடியையும் பதிவு செய்யும் காலத்தில், படகில் ஏறும் தலைகளை எண்ண ஒரு நோட்டுப் புத்தகம் இல்லை!

உடனே படகுக்காரரின் பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். பேரம் பேசியது யார்? சொன்ன தொகையில் பாதிக்குக் கேட்பது, ஆளுக்குக் குறையும் என்று இன்னும் நாலு பேரை ஏற்றிக்கொள்வது, ஜாக்கெட் போட்டால் படத்தில் நன்றாக இருக்காது என்று கழற்றி வைப்பது, இதெல்லாம் யார் செய்வது? அந்த மலிவு வானத்திலிருந்து விழவில்லை. ஜாக்கெட் வாங்காத காசு, இரண்டு நடை போக வேண்டியதை ஒரே நடையில் முடித்த காசு, அதுதான் பயணியின் மிச்சம். அதைச் சாமர்த்தியம் என்று எழுதிக் கைதட்டல் வேறு வாங்குகிறார்கள்.

2011க்குப் பிறகு பழவேற்காட்டில் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். அதையும் மீறிச் சவாரிகள் நடந்த செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன. தடைப் பலகை கரையில் நிற்கும், படகுக்காரரின் எண் ஒரு செல்போனிலிருந்து இன்னொரு செல்போனுக்குப் போய்க்கொண்டிருக்கும். நாளை ஒரு விபத்து நடந்தால் போலீஸ் தேடுவது அந்த மீனவரைத்தான், பேரம் பேசியவரை அல்ல.

அப்படியானால் செல்போனே வேண்டாமா? அப்படி யாரும் சொல்லவில்லை. 1997க்கும் 2001க்கும் இடையில் கேரளக் கடற்கரையில் செல்போன் வந்தபோது மத்தி மீன் வியாபாரம் எப்படி மாறியது என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். 2007ல் அது வெளிவந்தது. வாங்க ஆளில்லாமல் வீணாகும் மீன் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது. கருவி உருப்படியானதுதான். ஆனால் அதன் எல்லை மீனவருக்குத் தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலுக்கு ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் போனாலே செல்போன் வெறும் டார்ச் லைட் என்று குமரி மீனவர்கள் அனுபவத்தில் கற்றார்கள்.

பழவேற்காட்டு மீனவர்களிடம் பாடு என்றொரு பழைய முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார், எந்த முறைக்கு வலை போடுவது என்று ஊர் கூடிப் பிரித்துக்கொள்வார்கள். வலைக்கு இத்தனை ஒழுங்கு வைத்திருக்கும் ஏரியில், மனிதர்களை ஏற்றும் படகுக்கு மட்டும் ஒழுங்கு வைக்க முடியாதா? ஊர் மீனவர்களுக்கே உரிமம் கொடுத்து, முறை வைத்து, தலைகளை எண்ணி, ஜாக்கெட் மாட்டிய பிறகே கயிற்றை அவிழ்ப்பது என்று செய்தால், தடையும் வேண்டாம், திருட்டுச் சவாரியும் வேண்டாம். டிக்கெட் கொஞ்சம் கூடும். கூடட்டுமே!

அது நடக்கும் வரை, ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாமல் கரையில் நின்று பூநாரை பார்த்துவிட்டுத் திரும்புகிறவன்தான் சிக்கனமான பயணி. உறைக்குள் இருக்கும் செல்போன் மட்டும் மிதந்து கரை சேர்ந்து யாருக்கு என்ன லாபம்?