வாடகையில் வாழும் தூர்தர்ஷன்

தனியார் சேனல்கள் வருவதற்கு முந்தைய காலத்தில் ஞாயிறு பிற்பகல்களில் தூர்தர்ஷனின் தேசிய அலைவரிசை மாநில மொழித் திரைப்படங்களை ஒளிபரப்பி வந்தது. தமிழின் முறை எப்போது வரும் என்று தாராவியின் சால்களில் காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. 1993-ல் சன் டி.வி. தொடங்கிய பின் அந்தக் காத்திருப்புக்கு அவசியமில்லாமல் போயிற்று. விட்டுச் சென்ற நேயர்களை எப்படித் திரும்ப அழைப்பது என்ற கேள்விக்கு தூர்தர்ஷன் இன்றுவரை விடை காணவில்லை.

தனியார் சேனல்களைப் போலவே நெடுந்தொடர் தயாரித்துப் பார்த்தது, எடுபடவில்லை. இப்போது அதன் வருவாயில் கணிசமான பகுதி, "டிடி ஃப்ரீ டிஷ்" சேவையில் தனியார் சேனல்களுக்கு இடங்களை ஏலம் விடுவதால் கிடைக்கிறது. சொந்தக் கடையில் வியாபாரம் படுத்துவிட, முன்பகுதியை வாடகைக்கு விட்டுப் பிழைப்பதைப் போன்றது இது.

2020 ஊரடங்கின்போது "ராமாயணம்" மறு ஒளிபரப்பு பெருந்திரளான நேயர்களை ஈர்த்தது உண்மை. அதையே வெற்றிக்கான சூத்திரமாகக் கொள்வது பேதைமை. அத்தொடர் மீண்டும் தொடங்கியது மார்ச் 28-ம் தேதி. தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டது ஏப்ரல் 1-ம் தேதி. வீதிகள் அடைக்கப்பட்டு, எங்கே பரிசோதனை, எங்கே உணவு என்று தவித்த மக்களுக்கு அந்நேரம் அவரவர் மொழியில் தகவல் தேவைப்பட்டது.

நாட்டின் பல்வேறு பண்பாடுகளுக்கும் மொழிகளுக்கும் உரிய இடமளிப்பதும், சிறுபான்மையினரின் தேவைகளைக் கருத்தில் கொள்வதும் 1990-ம் ஆண்டின் பிரசார் பாரதி சட்டம் விதித்துள்ள கடமைகள். நிகழ்ச்சித் தயாரிப்புக்கான செலவை உயர்த்த வேண்டும் என்று சாம் பித்ரோடா குழு 2014-ல் பரிந்துரைத்தது. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒதுக்கிய ரூ. 2,539.61 கோடியோ, ஒலி, ஒளிபரப்புக் கட்டமைப்பு மேம்பாட்டுக்கானது. குழாய் பளபளக்கிறது, தண்ணீர்தான் வர வேண்டும்.

2024-ல் தூர்தர்ஷன் பெரிதாகப் பேசப்பட்ட தருணங்களில் இரண்டு. ஏப்ரலில் "டிடி நியூஸ்" இலச்சினை காவி நிறத்துக்கு மாறியதற்காக. அக்டோபரில், சென்னை நிலையத்தில் நடந்த இந்தி மாத நிறைவு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தின் ஒரு வரி விடுபட்டதற்காக. இவ்விரு முறையும் ஒளிபரப்பிய நிகழ்ச்சிக்காக அது பேசப்படவில்லை என்பதுதான் சோகம்.

இன்று தாராவியில் லட்சக்கணக்கானோரின் வீடு கேள்விக்குறியாகி நிற்கிறது. மறுசீரமைப்புத் திட்ட விதிகளின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன் குடியேறிய தரைத்தளவாசிகளுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன் பின் 2011 வரை வந்தவர்களுக்கு ரூ. 2.5 லட்சம் விலையில் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. மாடிகளில் குடியிருப்போருக்கு வேறு விதி. தகுதியை நிரூபிக்கும் ஆவணங்கள் எவை, பெயர் விடுபட்டால் யாரிடம் முறையிடுவது என்பன திருநெல்வேலியிலிருந்து வந்த தோல் தொழிலாளிக்குத் தமிழிலும், கும்பர்வாடாவின் குயவருக்கு குஜராத்தியிலும் விளக்கப்பட வேண்டியவை. விளம்பரதாரர் கிடைக்காத இந்நிகழ்ச்சியைத் தனியார் சேனல்கள் தயாரிக்கப் போவதில்லை. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனத்துக்கு அந்தச் சாக்கு இல்லை.

வொர்லியில் மும்பை நிலையம் இருக்கிறது. 2024 ஜனவரியில் "பொதிகை"க்குப் பதிலாக வந்த "டிடி தமிழ்" இருக்கிறது. இரண்டும் இணைந்து வாரம் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். மாதுங்கா, செம்பூர் தமிழர்களும் பார்ப்பார்கள். ஆனால் மறுசீரமைப்பு நிறுவனத்தில் அதானி குழுமத்துக்கு 80 சதவீதமும் மகாராஷ்டிர அரசுக்கு 20 சதவீதமும் பங்கு உள்ளது. அதிகாரிகளின் எதிரில் குடியிருப்பாளர்களை அமர்த்தி, அவர்களின் ஆட்சேபத்தை வெட்டாமல் ஒளிபரப்ப பிரசார் பாரதியை தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் அனுமதிக்குமா?