சுண்டைக்காயும் சுமைகூலியும்

போர்க்களத்துக்குச் செல்லும் வண்டிகளில் டீசல் என்ஜினையும் மின்சார மோட்டாரையும் இணைத்து எண்ணெய்ச் செலவைக் குறைக்க வேண்டுமென்ற முயற்சி அமெரிக்காவில் கால் நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. மாதிரி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யப்பட்டன, பரீட்சைகள் நடந்தன, அறிக்கைகள் குவிந்தன. ஆயினும் அந்நாட்டுப் படைகளின் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை இன்றும் டீசல் என்ஜின் ஒன்றை மட்டுமே நம்பி ஓடுகின்றன. இத்தாமதத்துக்குக் காரணம் யந்திர சாஸ்திரத்தின் குறைபாடா, அல்லது கணக்கு எழுதும் முறையின் குறைபாடா என்பதே இங்கு நாம் ஆராய விரும்பும் விஷயம்.

முதலில் யந்திரத்தின் தன்மையைச் சற்றுப் பார்ப்போம். டீசல் என்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில், ஓரளவு கனமான பாரத்துடன் ஓடும்போதுதான் குடிக்கும் எண்ணெய்க்குத் தக்க வேலையைத் தருகிறது. பாதையற்ற நிலத்தில் அதற்கு அந்த வசதி கிடைப்பதில்லை. ஒரு நிமிஷம் மேட்டில் ஏற முழு பலத்தையும் காட்ட வேண்டும். அடுத்த நிமிஷம் பள்ளத்தில் ஊர்ந்து இறங்க வேண்டும். பிறகு மணிக்கணக்காக ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கலப்பு வண்டியிலோ, என்ஜின் தனக்கு உகந்த வேகத்தில் ஓடி மின்சாரத்தை உண்டாக்குகிறது. தேவைக்கு மிஞ்சியது பாட்டரியில் சேர்கிறது. மேடு வந்தபோது பாட்டரி கைகொடுக்கிறது. சில வகைகளில் மோட்டார் மட்டுமே சக்கரத்தைச் சுழற்றும். வேறு சிலவற்றில் என்ஜினும் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும். எவ்வகையாயினும், எண்ணெய் வீணாக எரியும் நேரம் குறைகிறது என்பதே இதன் சாரம்.

இதில் மிகைப்படுத்திப் பேசுவதற்கும் இடமுண்டு. நகரத்துச் சாலையில் கலப்பு மோட்டார் காருக்குக் கிடைக்கும் லாபம் முழுவதும் சேற்றிலும் மணலிலும் கிடைக்குமென்று எண்ணலாகாது. பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைத் திரும்பப் பிடிப்பது நகரத்தில் பெரிய வரவு. சேற்றை மிதித்துப் பிசைவதில் செலவான சக்தியோ எந்த மோட்டாராலும் திரும்பி வராது. ஆகவே, படை வண்டிக்கு உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. ரேடியோ, ராடார் முதலிய கருவிகளுக்கு மின்சாரம் வேண்டி, நின்ற இடத்திலேயே என்ஜினை ஓடவிடும் வழக்கத்தை அது ஒழிக்கிறது. கூடவே இழுத்துச் செல்லும் ஜெனரேட்டரையும் பல இடங்களில் அநாவசியமாக்குகிறது. சத்தமின்றி நிற்கவும் சிறிது தூரம் ஓசையின்றி நகரவும் முடிவது அதற்கு மேற்பட்ட லாபம்.

இந்த முறை வெறும் ஆராய்ச்சிச்சாலைக் கனவு என்று சொல்வாரும் உளர். மண் வேலை செய்வோரின் அநுபவம் அவர்களுக்குப் பதில் கூறுகிறது. ஜப்பானியக் கம்பெனியான கோமாட்சு, 2008-ஆம் வருஷத்தில் கலப்பு முறையில் இயங்கும் மண் தோண்டும் யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. யந்திரத்தின் மேற்பாகம் சுழன்று நிற்கும் ஒவ்வொரு தடவையும் வீணாகும் சக்தியை மின்சாரமாக்கிச் சேமித்து, அடுத்த சுழற்சிக்கு உபயோகிப்பது அதன் உபாயம். சராசரி 25 சதவீதம் எண்ணெய் மிச்சமென்று கம்பெனி அறிவித்தது. அதே வருஷத்தில் அமெரிக்கக் காட்டர்பில்லர் கம்பெனி டி7ஈ என்னும் புல்டோசரை வெளியிட்டது. அதில் பாட்டரி இல்லை. ஆயினும் கியர்ப்பெட்டிக்குப் பதிலாக ஜெனரேட்டரும் மின்சார மோட்டாருமே சக்தியைக் கொண்டுசெல்கின்றன. சுரங்கங்களில் ஓடும் ராட்சத லாரிகளோ 1960-களிலிருந்தே டீசலால் மின்சாரம் உண்டாக்கி, சக்கரங்களை மோட்டார்களால் சுழற்றி வருகின்றன.

சுரங்க முதலாளிக்கு மின்சாரத்தின்மீது தனிப் பிரியம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு மாலையும் எவ்வளவு டீசல் செலவாயிற்று என்று கணக்குப் பார்க்கிறவர் அவரே. அதற்குப் பணம் கொடுக்கிறவரும் அவரே. பையிலிருந்து போகும் காசு கண்ணுக்குத் தெரிகிறது. படையில் நிலைமை அப்படியன்று. எண்ணெயை எரிப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் மற்றொருவர், அதைச் சுமந்து செல்பவர் வேறொருவர். மூவர் கணக்கும் ஓரிடத்தில் சேர்வதேயில்லை.

“சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்பது நம் முன்னோர் வாக்கு. அமெரிக்கப் பாதுகாப்பு இலாகா வெகுகாலம் சுண்டைக்காயின் விலையை மட்டும் எழுதிக்கொண்டு, சுமைகூலியை மறந்திருந்தது. இதை எடுத்துக்காட்டியவர் வெளியாரல்லர். அந்த இலாகாவின் விஞ்ஞான ஆலோசனை சபை, ஓய்வுபெற்ற அட்மிரல் ரிச்சர்ட் ட்ரூலியின் தலைமையில் நியமித்த குழு, 2001-ஆம் வருஷத்து அறிக்கையில் இதைத் தெளிவாகச் சொல்லிற்று. புது யுத்த வண்டி வேண்டுமா என்று தீர்மானிக்கும்போது, எண்ணெய் கிடங்கில் கிடைக்கும் விலையே கணக்கில் எடுக்கப்படுகிறது. அதைக் களத்துக்குக் கொண்டுசேர்க்கும் செலவு சேர்க்கப்படுவதில்லை. ஆகவே எண்ணெயைச் சிக்கனம் செய்யும் யந்திரம் எப்போதும் கட்டுப்படியாகாததாகத் தோன்றுகிறது என்பது அதன் கருத்து. 2008-இல் ஜேம்ஸ் ஷ்லெசிஞ்ஜர் முதலியோர் தலைமையில் வந்த இரண்டாவது அறிக்கை, முதல் அறிக்கையின் யோசனைகள் நிறைவேற்றப்படவில்லையென்று குறைகூறிற்று. ஏழு வருஷங்கள் வீணாயின.

அவ்வேழு வருஷங்கள் சாதாரண வருஷங்களுமல்ல. ஆப்கானிஸ்தானத்திலும் ஈராக்கிலும் யுத்தம் நடந்த காலம் அது. 2003-இல் பாக்தாத் நோக்கி மரீன் படைப் பிரிவை நடத்திச் சென்ற ஜெனரல் ஜேம்ஸ் மாட்டிஸ், எண்ணெய் என்னும் கயிற்றிலிருந்து படையை அவிழ்த்துவிடும்படி வற்புறுத்தினார். அக்கயிறு எத்தகையதென்பதை ஆப்கானிஸ்தானம் காட்டிற்று. கடல் வழியாகக் கராச்சியில் இறங்கிய சரக்கு, டோர்க்கம், சமன் என்னும் எல்லை வாசல்களைக் கடந்து மலைப் பாதைகளில் நூற்றுக்கணக்கான மைல் செல்ல வேண்டியிருந்தது. 2011 நவம்பரில் நேட்டோ விமானத் தாக்குதலில் 24 பாகிஸ்தானச் சிப்பாய்கள் இறந்தபின், பாகிஸ்தானம் அவ்வழியை ஏழு மாதங்களுக்கு அடைத்துவிட்டது. மத்திய ஆசியாவைச் சுற்றிவரும் வடக்குப் பாதையோ அதிகச் செலவுள்ளதாயிருந்தது. எட்டாத முகாம்களுக்கு ஒரு காலன் எண்ணெய் போய்ச் சேர்வதற்குள் சுமார் 400 டாலர் ஆகிவிடுகிறதென்று 2009-இல் பாதுகாப்பு இலாகா அதிகாரிகள் காங்கிரஸ் சபைக் குழுவிடம் தெரிவித்தார்கள்.

டாலர் கணக்கையும் விட்டுவிடுவோம். அமெரிக்கத் தரைப்படையின் சுற்றுச்சூழல் கொள்கைக் கழகம் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறொரு கணக்கைத் தருகிறது. ஆப்கானிஸ்தானத்தில், 2007-ஆம் வருஷத்து விவரப்படி, எண்ணெய் கொண்டுசென்ற 24 லாரித் தொடர்களுக்கு ஒருவர் வீதம் மாண்டனர் அல்லது காயமுற்றனர். 2003 முதல் 2007 வரை இரண்டு யுத்தங்களிலும் எண்ணெயும் தண்ணீரும் கொண்டுசென்றவர்களில் இவ்வாறு சேதமுற்ற படையினரும் ஒப்பந்தத் தொழிலாளரும் 3,000 பேருக்கு மேல். ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்தே இத்தொகை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். டாங்கர் லாரியை ஓட்டிச் செல்பவருக்கு விருதுமில்லை, வீரக்கல்லுமில்லை.

இந்த வீதத்தை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 120 லாரித் தொடர்கள் சென்றால் ஐந்து பேருக்குச் சேதம். எண்ணெய்த் தேவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் 96 தொடர்கள் போதும், சேதம் நான்காகும். ஒரு குடும்பம் தப்பியது. வண்டியை மட்டும் திருத்தினால் இவ்வளவும் கிடைத்துவிடாது. யுத்த காலத்தில் தரைப்படையின் எண்ணெயை அதிகமாகக் குடிப்பவை ஜெனரேட்டர்களே என்று 2008-ஆம் வருஷத்து அறிக்கை கூறுகிறது. ஆனால் கலப்பு வண்டியே நடமாடும் ஜெனரேட்டராகவும் உதவுமாதலால், இந்த ஆட்சேபம் அதன் பக்கத்துக்கே பலம் சேர்க்கிறது.

வண்டிகள் இல்லாமற் போகவில்லை. சக்கரங்களின் குடத்துக்குள்ளேயே மோட்டாரை வைத்து, வேவு பார்ப்பதற்காக ஜெனரல் டைனமிக்ஸ் கம்பெனி செய்த ஆர்.எஸ்.டி.-வி. வண்டி 2000-ஆம் வருஷத்தை ஒட்டியே பரீட்சிக்கப்பட்டது. பின்னர் தரைப்படையின் ஆராய்ச்சி நிலையம் ‘ஃபெட் பிராவோ’ என்னும் கலப்பு மாதிரியைக் காட்டிற்று. அதன் ஜோடியான ‘ஃபெட் ஆல்பா’ பெரும்பாலும் எடைக் குறைப்பாலும் நல்ல டயர்களாலும் உராய்வைக் குறைத்ததாலுமே மிச்சம் பிடித்தது. சிக்கனத்துக்குக் கலப்பு முறை ஒன்றே வழியல்ல என்பதற்கு இது சாட்சி. 2022 ஜனவரியில் ஆஷ்காஷ் கம்பெனி, ஜே.எல்.டி.வி. என்னும் படை வண்டியின் கலப்பு உருவத்தை வெளியிட்டு, சுமார் 20 சதவீதம் எண்ணெய் மிச்சமாகுமென்றது. இவற்றில் ஒன்றுகூடப் பெருவாரியாகக் களத்துக்குச் செல்லவில்லை.

படை அதிகாரிகளின் தயக்கத்தில் நியாயம் அறவே இல்லையென்று நாம் கூறவில்லை. பாட்டரியின் எடை, அது தீப்பற்றும் அபாயம், குண்டு துளைத்த வண்டியைக் களத்திலேயே பழுது பார்ப்பதில் உள்ள கஷ்டம் ஆகியவை கவனிக்கத்தக்கவையே. ஆனால் இந்தக் குறைகளைத் தராசின் ஒரு தட்டில் வைப்பவர்கள், எண்ணெய் வழியில் சிந்திய இரத்தத்தை மறுதட்டில் வைக்க வேண்டாமா? எண்ணெயின் முழுச் சுமைச் செலவையும் கணக்கிட வேண்டுமென்று 2008 அக்டோபரில் சட்டமே பிறந்தது. சட்டம் பிறந்தால் போதாது. கணக்கு எழுதுவோரின் மனமும் மாற வேண்டும்.

அண்மையில் நேர்ந்த திருப்பம் கவலை தருகிறது. 2022 பிப்ரவரியில் அமெரிக்கத் தரைப்படை, 2035-க்குள் கலப்பு வண்டிகளையும் 2050-க்குள் முழு மின்சார வண்டிகளையும் களத்துக்குக் கொண்டுவருவதென்று திட்டமிட்டது. அத்திட்டம் பருவநிலை மாற்றம் என்னும் தலைப்பின்கீழ் வெளியாயிற்று. 2025 மார்ச்சில் பாதுகாப்பு மந்திரி பீட் ஹெக்செத், பருவநிலைக் காரியங்கள் தமது இலாகாவின் வேலையல்லவென்று பகிரங்கமாகக் கூறினார். கட்சிகளின் சண்டையில் எண்ணெய்ச் சிக்கனம் ஒரு கட்சியின் கொடியாகிவிட்டது. பருவநிலையைப்பற்றி யார் எந்த அபிப்பிராயம் கொண்டாலும், லாரி ஓட்டியின் உயிர் கட்சிக்கு உட்பட்டதன்று. குண்டு அவனுடைய அரசியலைக் கேட்டு வெடிப்பதில்லை.

நமக்கும் இதில் பாடம் உண்டு. வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் தேசம் இது. லடாக்கிலுள்ள நம் துருப்புகளுக்குக் குளிர்காலத்துக்கு வேண்டிய எண்ணெயைக் கோடையிலேயே மலைக் கணவாய்கள் வழியாக ஏற்றிச் சேமிக்க வேண்டியிருக்கிறது. 2020-இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை ரோதாங் கணவாயைத் தவிர்க்க உதவியது. அதற்கப்பாலும் உயர்ந்த கணவாய்கள் உள்ளன. கடுங்குளிரில் பாட்டரி தளர்ந்துபோகும் என்பது உண்மை. மெல்லிய காற்றில் என்ஜினும் தளர்ந்துபோகும் என்பதும் உண்மை. எது மேலென்று அங்கேயே பரீட்சித்துத் தீர்மானிக்கலாம். ஆனால் பரீட்சைக்கு முன் ஒரு காரியம் நடக்க வேண்டும். சிகரத்தின் உச்சியிலுள்ள காவல் முகாமில் எரியும் ஒரு லிட்டர் டீசல் அங்கே போய்ச் சேர்வதற்குள் நமக்கு என்ன விலையாகிறது என்பதைப் பணத்திலும், லாரியிலும், மனித உயிரிலும் கணக்கிட்டு, அந்த விலையை வைத்தே வண்டி வாங்க வேண்டும். சுமைகூலியைச் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறவனுக்கே சுண்டைக்காயின் உண்மை விலை தெரியும்.