யார் வீட்டுக்குக் காவல்?

ஒரு தேசத்துக்குப் பட்டாளம் எதற்கு என்று யாரைக் கேட்டாலும், “தேசத்தைக் காப்பதற்கு” என்றுதான் சொல்லுவார்கள். ஆனால் சிறிய தேசங்களில் நடக்கும் காரியத்தைப் பார்த்தால், எந்தப் பெரிய தேசத்தின் தயவு வேண்டுமோ, அதற்குத் தக்கபடிதான் பட்டாளம் அமைக்கப்படுகிறதே ஒழிய, தன் வீட்டு வாசலைப் பார்த்து அல்ல என்பது விளங்கும்.

ஐரோப்பாவிலுள்ள டென்மார்க்கை எடுத்துக்கொள்ளுவோம். ஜனத்தொகை சுமார் 60 லட்சம். 1991-ல் சோவியத் யூனியன் கலைந்த பிறகு, இனி நம்மீது படையெடுக்க யார் இருக்கிறார்கள் என்று அதன் தலைவர்கள் எண்ணினார்கள். அமெரிக்காவின் சிநேகமே போதும், அது கூப்பிட்ட இடத்துக்குப் போவதே அந்தச் சிநேகத்துக்கு விலை என்று முடிவு செய்தார்கள். 2002-ல் ஆப்கானிஸ்தானத்துக்கும், 2003-ல் இராக்குக்கும் ஆள் அனுப்பினார்கள். 2004-ல் நீர்மூழ்கிக் கப்பல்களை அடியோடு எடுத்துவிட்டார்கள். கட்டாய ராணுவப் பயிற்சி 4 மாதமாகச் சுருங்கிற்று. தூரதேசம் போகும் படைக்கே முதலிடம். ஆப்கானிஸ்தானத்தில் மாத்திரம் 40-க்கு மேற்பட்ட டேனிஷ் சிப்பாய்கள் மாண்டார்கள்.

கண்ட பலன் என்ன? டென்மார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த கிரீன்லாந்தை 2019-ல் விலைக்குக் கேட்டவர் யார்? 2025 ஜனவரியில், அதற்காகப் பலாத்காரத்தை உபயோகிக்கமாட்டேன் என்று சொல்ல மறுத்தவர் யார்? அந்தச் சிநேகித தேசத்தின் டிரம்ப்தான்! அதன் பிறகே வீட்டு ஞாபகம் நன்றாய் வந்தது. அந்த மாதமே வடதுருவப் பிரதேசக் காவலுக்கென்று 1,460 கோடி குரோனர் ஒதுக்கி, 3 புதுக் கப்பல்கள் வாங்குவோம் என்றார்கள். ஊரார் களத்துக்குக் காவல் போனவன், திரும்பி வந்து தன் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் தேடின கதைதான் இது.

“சிறிய தேசம் தனியே நிற்குமா?” என்று கேட்கலாம். நிற்காதுதான். துணை வேண்டியதுதான். ஆனால் துணை வேறு, தொண்டு வேறு.

இதில் அதிகப் பரிதாபத்துக்குரியவர்கள் கிரீன்லாந்தின் சுமார் 57,000 ஜனங்கள். அமெரிக்காவின் துலே ராணுவத் தளத்துக்காக 1953-ல் அங்கிருந்த பூர்வகுடிகளை வீடு வாசலைவிட்டுக் கிளப்பியது டென்மார்க் சர்க்காரே! பெரியவனைத் திருப்தி செய்யச் சிறியவன், தன்னிலும் சிறியவனைத் துரத்தினான். இன்று தன்மீதே கை நீளும்போதுதான் நியாயம் பேசுகிறான்.

ஆகையால் தோழர்களே! எந்தச் சர்க்கார் துப்பாக்கி வாங்கினாலும், தேசபக்தி என்று கைதட்டுமுன் ஒன்று கேளுங்கள்: எதிரி யார் என்று தீர்மானித்தது யார்? சாகப்போவது யார் வீட்டுப் பிள்ளை? காவல் யார் வீட்டுக்கு? இதற்கு யோக்கியமான பதில் கிடைக்காத தேசத்தில், பட்டாளம் இருக்கலாம், பாதுகாப்பு இருக்காது.