உள்ளது கூறலே உபசாரம்

சோற்றுக்கடையைப் பற்றி எழுதுவது பண்டிதனுக்கு அடுத்த தொழிலோ என்று சிலர் வினவலாம். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். மருந்து என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார்; அங்கே அவர் பெரிதும் பேசுவது மூலிகையைப் பற்றியன்று, உண்ணும் உணவின் அளவையும் பொருத்தத்தையும் பற்றியே. விருந்தும் மருந்தும் ஓரிலையிற் கூடும் இடம் உணவுச்சாலை. ஆதலின் அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத் துணிகிறேன்.

நான் பிறந்த நாள் முதல் மச்சம் தீண்டாதவன். ஐம்பது வயது கடந்தபின் வைத்தியர் மற்றொரு விரதத்தையும் என்மீது ஏற்றிவிட்டார். கோதுமை, பார்லி, றை என்னும் தானியங்களில் உள்ள குளுற்றன் என்ற புரதம் என் குடலுக்குப் பகையாம். சீலியாக் என்பது நோயின் பெயர். இதனை நாவின் செருக்கென்று எண்ணற்க. உலகில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் உண்டு என்பர். அப்புரதம் உட்சென்றால், உடலைக் காக்க வேண்டிய படையே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். உண்ட உணவின் சத்து உடலிற் சேராது. ஒல்லாந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் டிக்கே என்பவர் கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1950ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் நிறுவினார். இன்றுவரை இதனைத் தீர்க்கும் மாத்திரை இல்லை. விலக்குதலே மருந்து.

வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அரிசி, குரக்கன், உழுந்து, பயறு, ஒடியல் என்று நம் முன்னோர் உண்டவற்றுள் ஒன்றிலேனும் அப்புரதம் கிடையாது. படலையைத் தாண்டினாலன்றோ சோதனை தொடங்குகிறது!

கோதுமை இந்நாட்டில் விளையும் பயிரன்று. எனினும் 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றபோது, கோதுமை மா பங்கீட்டோடு வீடுதோறும் புகுந்தது. போர் முடிந்தது, மா போகவில்லை. பாணிலும் பணிசிலும் றொட்டியிலும் அது வெளிப்படையாக இருக்கிறது. அதனால் என்போன்றோருக்கு இடர் இல்லை, கண்டு விலகிவிடலாம். இடியப்பத்திலும் பிட்டிலும் தோசையிலும் அது மறைந்திருக்கிறதே, அங்கேதான் இடர். அவித்த கோதுமை மாவை அரிசி மாவோடு கலப்பது நம் பக்கத்து வழக்கமாகிவிட்டது. பெயர் பழைய பெயர். பொருள் புதுப் பொருள். கூட்டுப் பெருங்காயம் பலவற்றிலும் கோதுமை மா உண்டு. சோயா சோசிலும் உண்டு. இவையெல்லாம் தப்பினாலும், றொட்டி சுட்ட கல்லிலேயே தோசை வார்த்தால் பயன் யாது?

சென்ற ஆண்டு பரீட்சை விடைத்தாள் திருத்தும் பணிக்காகக் கொழும்புக்குச் சென்றேன். புகையிரதத்தில் அவித்த கடலையும் வாழைப்பழமும் கைகொடுத்தன. இரவு ஒரு சைவக் கடையில் அமர்ந்து, “தம்பி, இடியப்பம் என்ன மா?” என்று கேட்டேன். பரிமாறியவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மேசையை விட்டு எழாமலே, “அரிசி மாதான் ஐயா, பயப்படாமற் சாப்பிடுங்கோ” என்றார். அவர் குரலில் அன்பு இருந்தது; அறிவு இருக்கவில்லை. அன்றிரவும் அடுத்த நாளும் நான் பட்ட பாட்டை இங்கே விரிக்க வேண்டியதில்லை. மூன்றாம் நாள் சமையற்காரரிடம் நேரே கேட்டபோது, அவர் சிறிதும் தயங்காது, “பாதிக்குப் பாதி ஐயா” என்றார். முதலாளி பொய் சொல்ல நினைத்தவரல்லர். வந்தவர் மனம் கோணாமல் விடை சொல்வதே உபசாரம் என்று எண்ணியவர். எழுந்து உள்ளே போய்க் கேட்டிருந்தால் இரண்டு நிமிடம் சென்றிருக்கும்.

பணி முடிந்து கண்டிக்குப் போகும் வழியில், தெருவோரத்துச் சிங்கள அம்மையார் ஒருவரின் சிறு கடையில் இறங்கினேன். எனக்குத் தெரிந்த சிங்களம் கொஞ்சம். அதற்குள் இரண்டு சொற்களைப் பழுதறக் கற்று வைத்திருந்தேன்: ஒன்று ‘பாண் பிட்டி’, கோதுமை மா, மற்றது ‘உம்பலகட’, நாம் மாசி என்னும் மாலைதீவுக் கருவாடு. இரண்டும் வேண்டாம், உண்டால் நோய் வரும் என்றேன். கருவாட்டுக்கு அது பொருந்தாக் காரணந்தான். என் சிங்களம் அவ்வளவே. அவர் சட்டிகளின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். சம்பலில் மாசி உண்டு, வேண்டாம். பருப்பிலும் உண்டு, வேண்டாம். இடியப்பத்திற் கோதுமை மா உண்டு, வேண்டாம். எஞ்சியவை சோறும் பலாக்காய்க் கறியும் கீரைச் சுண்டலும். அகப்பையைக் கழுவிவிட்டே பரிமாறினார். மூன்று பண்டங்களை மறுத்த அந்த அம்மையாரிடமே நான் அச்சமின்றி உண்டேன். சைவம் என்ற பலகை அங்கே இல்லை.

இதனால் நான் சொல்ல வருவது யாது? உணவுச்சாலைகள் நோயாளிக்கென்று தனியடுக்களை கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆளுக்கொரு பத்தியம் பார்த்துச் சமைத்தால் வியாபாரம் நடக்குமா என்று முதலாளிமார் கேட்பது நியாயமே. நான் கேட்பது சமையலையன்று, விடையை. “கோதுமை உண்டு” என்றால் எழுந்து போய்விடுகிறேன்; “தெரியாது” என்றாலும் வணங்கிப் போகிறேன். தெரியாமல் “இல்லை” என்பதே தீங்கு. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளில் 2014ஆம் ஆண்டு டிசம்பர் முதல், உணவுச்சாலைகள் 14 வகைப் பொருள்கள் தம் உணவில் உண்டா என்பதை உண்போர்க்கு அறிவித்தல் சட்டமாயிற்று. அந்தப் பதினான்கினுள் குளுற்றன் உள்ள தானியங்களும் உண்டு, மீனும் உண்டு. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? விலை எழுதும் பலகையில் ‘கோதுமை கலந்தது’, ‘மாசி கலந்தது’ என்று இரண்டு சொல் கூட்டி எழுதச் சுண்ணக்கட்டி ஒன்று போதும்.

வடக்கில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களில் குரக்கனும் உழுந்தும் மீண்டும் மதிப்புப் பெறக் காண்கிறோம். மகிழ்ச்சி. அங்கும் நான் கேட்டே உண்பேன். கேட்பதை அவமதிப்பென்று யாரும் கொள்ளலாகாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயரும் பொருளும் பிரிந்தால் இலக்கணத்தில் வழு என்கிறோம்; மாணவனுக்குப் புள்ளி குறைக்கிறோம். கடைப் பலகையில் அவை பிரிந்தால் ஒருவன் நோயிற் கிடக்கிறான். ‘மா’ என்ற ஒரெழுத்துச் சொல்லை நாம் நிகண்டிலே தேடிப் பல பொருள் சொல்வோம். வழிப்போக்கனுக்கு வேண்டியது ஒரே பொருள்: அது எந்த மா?