எம்.எஸ் நோய்க்கு வைரஸ் காரணமா? தேனிக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு!

ஒரு கண் திடீரென மங்கலாகிறது. கண்ணை அசைத்தால் வலி. சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடுகிறது. ஒரு வருஷம் கழித்து இடது கால் மரத்துப்போகிறது. அதுவும் போய்விடுகிறது. கம்பத்திலோ சின்னமனூரிலோ ஒருவருக்கு இப்படி வந்தால் என்ன நடக்கும்? "நரம்புத் தளர்ச்சிதான், ஒண்ணும் இல்ல" என்று ஒரு சத்து ஊசியோடு பல நேரம் கதை முடிந்துவிடும். திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டுகிறவருக்கும், விடிகாலையில் ஜீப் ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போகிறவருக்கும் கை கால் மரத்துப்போவது புது விஷயமா என்ன?

ஆனால், இது மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்) என்ற நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளுக்கு மேலுறையாக இருக்கும் மயலினை நம் எதிர்ப்பு செல்களே அரிப்பதுதான் எம்.எஸ். கரண்ட் வயரின் மேல் ரப்பர் உரிந்த கதை. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

34 பேர் சொன்ன சேதி

எதிர்ப்பு செல்கள் ஏன் இப்படித் திரும்புகின்றன? 2022 ஜனவரியில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வலுவான ஒரு தடயத்தைக் காட்டினார்கள். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய 1 கோடிக்கும் மேற்பட்டவர்களின் 20 ஆண்டுத் தரவுகளையும், சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளையும் அலசினார்கள். தொடக்கத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்று இல்லாமல் இருந்து, பின்னாளில் எம்.எஸ் வந்தவர்கள் 35 பேர். அதில் 34 பேருக்கு, நோய் தலைகாட்டும் முன்பே அந்த வைரஸ் தொற்றியிருந்தது. தொற்றுக்குப் பிறகு எம்.எஸ் ஆபத்து 32 மடங்கு கூடியது. இதேபோல எச்சில் வழியாகப் பரவும் இன்னொரு வைரஸால் ஆபத்து கூடவில்லை.

அதே மாதம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். வைரஸின் ஒரு புரதத் துண்டு, நரம்பு மண்டலத்தில் உள்ள ஒரு புரதத்தின் சாயலில் இருக்கிறது. திருடனைத் தேடி வந்த போலீஸ், அதே முகஜாடையில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிப்பது மாதிரி.

அப்படின்னா ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமா? வேண்டாம். காசுக்குத்தான் கேடு. உலகில் பெரியவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் இந்த வைரஸ் உடம்பில் இருக்கிறது. வந்தால் ஆயுசுக்கும் போகாது. அண்ணாந்து தண்ணீர் குடிக்கப் பழக்கிய வீடுகளிலும் பிள்ளைகளுக்கு இது சின்ன வயதிலேயே, பெரிய அறிகுறி எதுவும் இல்லாமல் வந்துவிடுகிறது. மேலை நாடுகளில் பலருக்கு டீன் ஏஜில்தான் தொற்றுகிறது. காய்ச்சல், தொண்டைவலி என்று படுக்க வைக்கிறது. அப்படிப் படுத்தவர்களுக்குத்தான் பின்னாளில் எம்.எஸ் ஆபத்து கூடுதல். நம் ஊரில் நோய் குறைவாக இருக்க இதுவும் ஒரு காரணமோ என்ற விவாதம் உண்டு. மரபணு, வைட்டமின் டி, புகைப்பழக்கம் என்று மற்ற கூட்டாளிகளும் இருக்கிறார்கள். வைரஸ் மட்டும் போதும் என்றால் பாதி உலகம் படுத்திருக்குமே!

குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா?

மங்களூர் நகரில் நடந்த ஆய்வில் 1 லட்சம் பேருக்குச் சுமார் 8 பேரிடம் எம்.எஸ் இருந்தது. 2011 சென்சஸ்படி தேனி மாவட்ட மக்கள்தொகை 12.46 லட்சம். மங்களூர் கணக்கை அப்படியே பொருத்தினால் இங்கே 100 பேர் வருவார்கள். தோராயக் கணக்குதான். ஆனால் அந்த 100 பேரில் எத்தனை பேருக்குத் தங்கள் நோயின் பெயர் தெரியும்?

இந்த நோயின் தந்திரமே விட்டு விட்டு வருவதுதான். சரியாயிடுச்சு என்று நினைக்கும்போது உள்ளே தழும்பு தங்கிவிடுகிறது. எம்.எஸ் நோயாளிகளுக்கு உடம்பு சூடானால் பழைய அறிகுறிகள் தற்காலிகமாகத் தலைதூக்கும். சித்திரை வெயிலில் வேலை செய்கிறவர் அதைச் சோர்வு என்றுதான் நினைப்பார். பி12 குறைபாடு, என்.எம்.ஓ என்ற வேறொரு நரம்பு நோய் இரண்டும் எம்.எஸ் போலவே தெரியும் என்பதால் ஊகத்தில் மருந்து எடுப்பதும் ஆபத்து. சில எம்.எஸ் மருந்துகள் என்.எம்.ஓ-வை மோசமாக்கும். நரம்பியல் மருத்துவரும் எம்.ஆர்.ஐ ஸ்கேனும் தேவை. கூடலூரிலிருந்து கிளம்புகிறவருக்கு க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரியோ மதுரையோ, எதுவானாலும் ஒருநாள் கூலி போய்விடும். தாமதத்தை 'விழிப்புணர்வு இல்லை' என்று மக்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இ.பி.வி தடுப்பூசி இன்னும் பரிசோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால், எம்.எஸ் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் இப்போதே உண்டு. இந்தியாவில் பல மருத்துவர்கள் தரும் ரிட்டுக்ஸிமாப், பி செல்களைக் குறைக்கிறது. இ.பி.வி ஒளிந்திருப்பதும் அதே செல்களில்தான். சீக்கிரம் தொடங்கினால்தான் பலன்.

'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் சுகர், பி.பி பார்க்க ஏற்கெனவே வீடு தேடி வருகிறார்கள். "எப்பவாச்சும் ஒரு கண்ணு மங்கி, தானா சரியாச்சா? கை கால் நாள்கணக்குல மரத்துப் போச்சா?" என்ற கேள்வியையும் அவர்கள் பட்டியலில் சேர்க்கலாம். ஆம் என்றால் ஒரு பரிந்துரைச் சீட்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் எம்.எஸ்-ம் ஒன்று. அந்தச் சான்றிதழைக் கேட்கவும் முதலில் நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.